அம்மா கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை

முப்பது என்பது வேறு ஊரில் என்ன வயதோ தெரியாது. நம்முடைய அசெம்பிளி லைனில் அது கிழவி வயது. என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற உங்களில் நாலைந்து பேருக்கு இது தெரியும். புதிதாகச் சேரும் பத்தொன்பது வயதுப் பெண்கள் நம்மை "சீனியர்க்கா" என்கிறார்கள். மரியாதைதான். ஆனால் நாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதம் நமக்கு இடம் உண்டா இல்லையா என்று ஆபீசில் இன்னும் வாய் திறக்கவில்லை. போன வாரம் கேன்டீனில் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தட்டு கழுவியபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "உனக்கு மட்டும் கவலையே கெடையாதாடி? பாட்டு வேற கேக்குது!"

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்லவேண்டுமென்றால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு கோடை லீவைப் பற்றிச் சொல்லவேண்டும். பஸ் படப்பை தாண்டுவதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரை, ஆறு ரூம், ஒரு அடிபம்பு. அப்பா வேலை செய்த கம்பெனி அங்கிருந்து நடக்கிற தூரம். கார் கதவுக்கான தகடுகளை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப். அந்த மெஷின் விழும் ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் ஒரு வட்டம் ஓடும். காதில் கேட்பதற்கு முன் காலில் தெரியும் சத்தம் அது. அந்தச் சத்தத்திலேதான் வீட்டுப்பாடம் எழுதினேன், அதிலேயேதான் தூங்கினேன்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி வீடு. உறவு ஒன்றும் கிடையாது; அவளுடைய வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே மெஷினில் எதிரும் புதிரும் நின்று வேலை பார்த்தவர்கள், அதனால் சித்தி, சித்தப்பா. சித்தி கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டைக்கு நடந்துபோய் முருகனைப் பார்த்துவிட்டு வருவாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் சபைக்குப் போவோம். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுக்கும் பொரியும் கடலையும் அம்மா வழியாகச் சித்தி வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸ் பலகாரம் முதல் தட்டு அங்கேதான் போகும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் பெரிய கவலைக்காரி. கம்பெனி பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் ரோட்டுக்கு வந்து நின்றுவிடுவாள். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நான் தும்மினால் அன்று ராத்திரியே எனக்கு நிமோனியா வந்துவிடும் என்று முடிவு கட்டிவிடுவாள். அவளுடைய ஜெபமும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர், என் கணக்குப் பரீட்சை, அப்பாவின் இருமல் என்று ஒன்று விடாமல் ஆண்டவரிடம் ஒப்பித்து, எதையாவது விட்டுவிட்டோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். சபையில் பாடும்போது அவள் குரல் தனியாகக் கேட்காது. முன்வரிசைப் பெண்கள் பாடியபின் அரை விநாடி கழித்து, அவர்கள் குரலுக்குக் கீழே ஒளிந்துகொண்டு பாடுவாள்.

அந்த ஏப்ரல் கடைசியில் சித்தப்பாவின் வலது கை மெஷினுக்குள் போய்விட்டது. மூன்று விரல்கள். கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அது ஒரு வாரமாக வேலை செய்யவில்லை. அப்பாவே சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். "இந்த லோடு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாராம் அவர். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது யூனிபார்மில் வழக்கமான எண்ணெய் வாசனையோடு வேறு ஒரு வாசனையும் இருந்தது. அம்மா அந்தச் சட்டையைத் தனியாக எடுத்துப்போய் அடிபம்பில் வைத்துத் துவைத்தாள். அப்பா சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தியின் குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, கம்பெனி காகிதம் வந்தது. வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று சென்சாரை அவரே அணைத்துவிட்டார், அதனால் வேலைநீக்கம் என்று அதில் இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து பஸ் வந்தது. அப்பா இறங்கவில்லை. டிரைவர்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டி அம்மாவிடம் சொன்னார்: "உங்க வூட்டுக்காரரு உள்ளயே குந்திகினாரும்மா. கொஞ்சம் பேரு சேந்துகினு, அந்தாள திரும்ப எடுக்கிற வரிக்கும் வெளிய வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. மிஷின ஆஃப் பண்ட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியத்திலிருந்து குடத்துத் தண்ணீர் ஆடவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பது போல் இருந்தது.

முதல் மூன்று நாள் கேட்டுக் கம்பி வழியாக அப்பாவைப் பார்த்தோம். தாடி வளர்ந்திருந்தது. கேன்டீனை மூடிவிட்டார்கள், தண்ணீர் மட்டும் வருகிறது என்றார். அம்மா மூன்று அடுக்குத் தூக்கில் சாம்பார் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கம்பெனி ஒரு வருஷம் தீபாவளிக்குக் கொடுத்த தூக்கு. மூடியில் கம்பெனி பெயரே பொறித்திருக்கும். புதன்கிழமை உள்ளே போனது, அது திரும்பி வரவே இல்லை. வியாழக்கிழமை நாங்கள் போனபோது கேட்டின் கம்பிகளுக்கு மேல் தகரம் வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கக்கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்க்கக்கூடாது. ஓரத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையும் சின்னக் கதவு மட்டும் இருந்தது. வெளியே வர நினைக்கிறவர்கள் உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கி அதன் வழியாக வரலாம். வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. வெயிலில் அந்தத் தகரத்தைத் தொட்ட என் கை கொப்புளித்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போது சித்தி வந்து, "அக்கா, நீ நேத்துலேந்து ஒண்ணும் துன்னல. கஞ்சி வெச்சுக்கீறேன், கொஞ்சம் குடி" என்று சொம்பை நீட்டினாள்.

அம்மா அதை வாங்கவில்லை. "உன் புருஷனுக்காவத்தான் என் புருஷன் உள்ள கெடக்கிறாரு. உன்னுது போனது மூணு வெரல். எனக்கு இன்னா இன்னா போப்போவுதோ, யாருக்குத் தெரியும்" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் முகமே மாறிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். சித்தி சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் உள்ளே வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் சாத்தினாள். மறுநாள் மத்தியானம் வரை திறக்கவில்லை. மே மாதத்தில், ஒரே ரூமில், மின்விசிறி சூட்டைச் சுழற்றிச் சுழற்றி எங்கள் மேலேயே கொட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி கீழே வைக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவர்களுக்கும் எங்கள் சத்தம் கேட்டிருக்கும். வெளியே போகவும் முகம் இல்லை, உள்ளே இருக்கவும் காற்று இல்லை. அம்மா முழங்காலில் நிற்பாள், பாதி ஜெபத்தில் எழுந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், திரும்ப வந்து முழங்காலில் நிற்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் என் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். தாத்தா செத்தபின் அம்மாவைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துவைத்தது அவர்தான். எனக்கு ரோஸ் மில்க் பாட்டில் வாங்கி வந்திருந்தார். ஒரு காகிதத்தை எடுத்துப் பாயில் வைத்தார்.

"தோ பாரும்மா. மாப்ள வெளிய வந்து இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும். அவர பர்மனன்ட் பண்ணிடறேன்னு ஆபீசர் என்கிட்ட வாய் உட்டே சொல்லிட்டாரு."

"இன்னாண்ணா எழுதிக்கீது அதுல?"

மாமா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தப் பையன்தான் சென்சார ஆஃப் பண்ணான், நான் பாத்தேன்னு எழுதிக்கீது."

"அவுரு அப்டிப் பாக்கலியே."

"பாக்கலதான். அதுக்கு இன்னா பண்றது? போன வெரல் திரும்ப மொளைக்கப் போவுதா? இந்தக் கொழந்தைய நெனச்சுப் பாரு. நாளைக்கு காலைல கேட்டாண்ட மைக் வெக்கிறாங்க. ஒவ்வொரு வூட்டு ஆளும் பேசலாம். பாப்பா கூப்ட்டா கண்டிப்பா வந்துடுவாரு."

அம்மா பதில் சொல்லவில்லை. மாமா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். "அப்பா, எனக்கு பயமா கீது. வெளிய வாங்கப்பா." நான் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். ரோஸ் மில்க் இனிப்பு நாக்கில் ஒட்டியிருக்க, மறுநாள் அப்பா வந்துவிடுவார் என்று நான் குதித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமே என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதர். சபை நடக்கும் இடமே ஒரு பெரிய மனிதரின் தயவில் இருந்தது. "கூப்ட்டுடுங்க சிஸ்டர். போராட்டம்லாம் நமக்கு வாணாம். குடும்பம்தான் முக்கியம்" என்றார். "பொய்யின்னு தெரிஞ்சும் கையெழுத்து போடலாமா ஐயா?" என்று அம்மா கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "ஜெபம் பண்ணலாம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேள்விக்குப் பயந்து கண்ணை மூடினார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அவர் ரொம்பப் பக்தியானவராகத் தெரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சபைக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டினாள். பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் பையில் எடுத்துக்கொண்டாள். நேரத்துக்கு முடிந்துவிட்டால் அப்படியே சபைக்குப் போய்விடலாம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

கேட்டுக்கு முன்னால் பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர் நின்றார்கள். சித்தியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். மரத்தை விட்டு யார் பக்கத்திலும் அவள் வரவில்லை. கம்பெனி ஆபீசர் ஒரு மைக்கைக் கொண்டுவந்து சின்னக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அதன் குழாய் ஸ்பீக்கரைத் தகரத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். முதலில் ஒரு பாட்டி பேசினாள். சின்னக் கதவு திறந்தது, அவள் மகன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். அடுத்தது ஒரு புதுப்பெண். அவள் வீட்டுக்காரரும் வந்தார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

மாமா என் தோளைத் தட்டினார். நான் மைக்கைப் பிடித்தேன். பத்துத் தடவை ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "அப்பா" என்றேன். என் குரல் தகரத்தில் மோதிப் பெரிதாகித் திரும்பி வந்தது. எனக்கே அது பயமாக இருந்தது. "அப்பா, பயமா கீதுப்பா" என்று நிஜமாகவே அழுதேன்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"நீ கூப்புடும்மா" என்று மாமா மைக்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். "ஒரே ஒரு வார்த்த. வாங்கன்னு சொல்லு, போதும்."

அம்மா வாங்கியபோது மைக் அவளுடைய வளையலில் பட்டு ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. அவள் வேப்பமரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் அவள் புடவையை இழுத்து, "கூப்புடும்மா, கூப்புடும்மா" என்றேன்.

"ஏங்க" என்றாள் கடைசியில். "நானும் பாப்பாவும் நல்லாக்கீறோம். இன்னிக்கு ஞாயித்துக்கெழம. ஆராதனைக்கு டைம் ஆயிடுச்சு."

அதோடு பாட ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் சபையில் ஆராதனை தொடங்கும்போது பாடுகிற துதிப் பாட்டு அது. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாட்டு. அம்மா எடுத்த சுருதி மிகவும் உயரம். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. ஒளிந்துகொள்ள முன்வரிசைப் பெண்கள் யாரும் அங்கே இல்லை. அவள் நிறுத்தவில்லை. மாமா, "இன்னாம்மா பண்ற, பைத்தியமா நீ?" என்று மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதில் ஒயர் கழன்று ஸ்பீக்கர் செத்தது. அம்மா வெறும் வாயால் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

அப்போது தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவருடைய தடித்த குரல், ஆறு நாள் இருமலோடு, அம்மா விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆனாலும் கை தட்டத் தொடங்கினார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்ததைத் திரும்பிப் பார்த்தேன். சித்தி. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தாளம் தவறித் தவறி, ஒற்றைக் கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடிந்ததும் அம்மா அங்கேயே புழுதியில் முழங்கால் போட்டாள். நான் காத்திருந்தேன், இப்போதாவது அப்பாவை வெளியே கொண்டுவரச் சொல்லி ஆண்டவரிடம் கேட்பாள் என்று. அவள் கேட்கவில்லை. சிலிண்டரைச் சொல்லவில்லை, வேலையைச் சொல்லவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஜெபத்தில் பட்டியல் இல்லாத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அப்பா வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. பத்து நாள் கழித்து அப்பா ஜாமீனில் வந்தார். வேலை போய்விட்டது. அந்த லைன் வீட்டையும் விட்டு, பென்னலூர்ப் பக்கம் இதைவிடச் சின்ன ரூமுக்கு மாறினோம். அப்பா பல வருஷம் டெம்போ ஓட்டினார். கோர்ட்டில் தேதி வந்த ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திவிட்டுப் போய், சென்சார் முன்னாலேயே கெட்டுப்போயிருந்தது என்று சாட்சி சொன்னார். சித்தப்பாவின் மேல் தப்பு இல்லை என்று ஒருநாள் தீர்ப்பு வந்தது. அதற்குள் சித்தப்பா இடது கையால் எழுதப் பழகி, ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். மாமா எங்களோடு பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் நெஞ்சுவலியில் படுத்தபோதுதான், யாரும் கூப்பிடாமலேயே அம்மா போய் நின்றாள்.

எனக்கு அம்மாவின் மேல் தீராத கோபம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் பாட்டுப் பாடிவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் சபையில் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பேன்.

நான் முதன்முதலில் லைனில் சேர்ந்த வருஷம், ஒருநாள் அம்மாவிடம் கேட்டே விட்டேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டிருந்தா வந்திருப்பாரும்மா. இன்னாத்துக்கு நீ கூப்புடல?"

"வந்திருப்பாருடி. அதான் கூப்புடல. வந்து அதுல கையெழுத்து போட்டுட்டு, அப்பால எப்புடி அவுரு அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் பட்த்துத் தூங்குவாரு?"

"அப்ப, வராதீங்கன்னு சொல்லியிருக்கலாமே."

"அதுக்கு எனக்கு தைரியம் இல்ல. வாங்கன்னும் சொல்ல முடில, வராதீங்கன்னும் சொல்ல முடில. மூச்சு முட்டிப்போச்சு. எல்லாரும் என் வாயயே பாத்துகினு கீறாங்க. அப்போ ஆண்டவரத் தவிர வேற யாரப் பாக்கறது? பாட்டுதான் வந்துச்சு."

"பாடனதும் பயம் போச்சா?"

"எங்க போச்சு? நான் பாடி முடிக்கிற வரிக்கும் அதுவும் பக்கத்துலயே குந்திகினு இருந்துச்சு. நான்தான் அதாண்ட பேசல."

அப்பாவிடம் கேட்டது அதற்கும் பிறகு, போன வருஷம்தான். வயதாகிவிட்டதால் இப்போது ஒரு குடோனில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறார். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோன நான், சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உன் கொரல் கேட்டுச்சு பாரு, அப்பவே ஷூவ மாட்டிகினேன். பசங்க யாரும் ஒண்ணும் சொல்லல, போண்ணான்னுதான் சொன்னானுங்க. சின்னக் கதவாண்ட வந்துட்டேன். தாப்பாள்ல கை வெச்சுட்டேன். ஒங்கம்மா ஒரு வார்த்த சொன்னா தெறந்துடலாம்னு நின்னுகினு இருந்தேன். அவ பாட ஆரம்பிச்சா. நான் தாப்பாள உட்டுட்டு கூடப் பாடனேன்."

அன்று சாயங்காலம் இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அப்பா அதை அவளிடம் சொன்னதே இல்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னாலயா நின்னாரு?"

"ஆமாம்மா."

"நான் நின்ன எடத்துலேந்து ஒரு மொழம்கூட இல்லியேடி" என்றாள். கொஞ்சநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நல்ல வேள, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பாட்ட உட்டுட்டு, வாங்கன்னு கூப்ட்டிருப்பேன்."